நம்பர் கேக்காத வாரம்

கண்ணு, அந்தச் சன்னலோரத்துல நான் உக்காந்துக்கட்டுமா? காத்துக்கு இல்ல, காத்துப்பட்டா எனக்குச் சளி புடிச்சுக்கும். டவரு அங்கதான் நல்லாக் கெடைக்கும்னு ஒரு நெனப்பு. நடுவுல உக்காந்தா போனு செத்துப் போயிருது. நல்லாயிரு சாமி. பையி கால்ல இடிக்குதா? உள்ள தள்ளிக்கறேன். சர்க்கரைப் பொட்டணம், குளுக்கோஸ் டப்பா, ஜூஸ் டப்பா எல்லாம் இருக்குது. திங்கற சாமான்தான், ஆனா பசிக்குத் திங்கறது இல்ல. என்ற மகளுக்கு. சேலத்துல கட்டிக் குடுத்திருக்குது. நான் காங்கயத்துல இருந்து வாரேன், ஈரோட்டுல எறங்கி இந்த பஸ்சப் புடிச்சேன்.

நீ நர்சா? கம்பெனியா? செரி செரி. கழுத்துல அட்டை தொங்குதே, நர்சுன்னு நெனச்சுட்டேன். பரவால்ல, போனு பாக்கத் தெரியுமில்ல? இத மட்டும் பாத்துச் சொல்லு. இந்தப் படத்தத் தொட்டா ஒரு கட்டம் வருதா? கட்டத்துக்கு மேல எதாச்சும் நம்பர் இருக்குதா? இல்லீல்ல? வெறும் கோடு. இல்லைன்னு எனக்கே தெரியும். காலைல இருந்து நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். புதுசா ஒருத்தர் பாத்தா எதாச்சும் தெரியுமோன்னு ஒரு ஆசை.

பயப்படாத, இது பேங்கு சமாச்சாரம் இல்ல. சர்க்கரை பாக்கறது. என்ற மகளுக்குச் சர்க்கரை கண்ணு. வயசானவங்களுக்கு வாரது இல்ல, கொழந்தைலயே வாரது. நாலாவது படிக்கறப்ப வந்துச்சு. சொம்பு சொம்பாத் தண்ணி குடிப்பா, இருந்தாலும் நாக்கு வறண்டு கெடக்கும். ஒடம்பு கரைஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஒரு நாள் பள்ளிக்கூடத்துல உழுந்துட்டா. அன்னைக்கு ஆரம்பிச்ச ஊசி, இன்னைக்கு வரைக்கும் தெனமும் ஊசிதான். இனி கடைசி வரைக்கும் ஊசிதான். அவ பேரு தாரணி. பேரைக்கூடச் சொல்லாம கதை சொல்றேன் பாரு.

அப்பெல்லாம் வெரலைக் குத்தி ரத்தம் எடுத்துத்தான் பாக்கோணும். அவ தூங்கறப்பவும் பாக்கோணும், தூக்கத்துலதான் திடீர்னு எறங்கிப் போயிரும். எறங்குனா முழிப்பே வராம போயிரும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. நான் போயிப் பக்கத்துல உக்காந்தா, அவ கண்ணத் தொறக்காமயே கைய நீட்டுவா. தூக்கத்துலயே நீட்டுவா கண்ணு. ஒரு கொழந்தை தூக்கத்துல குத்தறதுக்குக் கைய நீட்டலாமா? குத்திட்டு, பாத்துட்டு, வெளிய வந்து அழுவேன். மறுபடி போவேன். எங்க வீட்டுக்காரரு தூங்குவாரு. அவரு மனசு அப்படி, எங்க மாவு மில்லு ஓடறப்பவே சேர்ல உக்காந்து தூங்கற மனுசன்.

அப்பறம் சென்சாருன்னு இது வந்துச்சு. அஞ்சு ரூவாக் காசைவிடக் கொஞ்சம் பெருசு. மேல்கையில பின்பக்கமா ஒட்டிக்கறது. உள்ள மயிராட்ட ஒரு கம்பி போகும். ரத்தத்துக்குள்ள போறதில்ல. நம்ம தோலுக்கடியில ஒரு தண்ணி இருக்குதாம், உனக்கும் இருக்குது எனக்கும் இருக்குது. அந்தத் தண்ணில எவ்வளவு சர்க்கரைன்னு பாத்து, எந்நேரமும் அவ போனுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். அவ போனு என்ற போனுக்குச் சொல்லும். அவ சேலத்துல இருப்பா, நான் காங்கயத்துல மொளகா அரைச்சுக்கிட்டு இருப்பேன், அவ ஒடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு என்ற உள்ளங்கையில தெரியும்.

நீ நம்ப மாட்ட. இட்லி தின்னாளா, பூரி தின்னாளான்னு சொல்லிருவேன். மாடிப்படி ஏறுனாச் சொல்லிருவேன். யாரோடயாச்சும் சண்டை போட்டா நம்பர் ஏறும், அதையும் சொல்லிருவேன். 'என்ன தாரணி, மாப்பிள்ளையோட சண்டையா?'ன்னு கேட்டா, 'இல்லம்மா, நல்லாத்தான் இருக்கோம்'பா. பொய்யி. நூத்தித் தொண்ணூறு காட்டுது, அப்பறம் என்ன நல்லா இருக்கறது? ஒலகத்துல எந்தத் தாயிக்கு இப்படி ஒரு வசதி இருக்குது கண்ணு? பெத்து வளத்துக் கட்டிக் குடுத்து அனுப்புனதுக்கு அப்பறமும் மடியிலயே இருக்கற மாதிரி.

ஒரே ஒரு கொறை. ரத்தத்துல நடக்கறது அந்தத் தண்ணிக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் புடிக்குமாம். டாக்டர் சொன்னாரு, 'நீங்க பாக்கறது இப்ப நடக்கறது இல்லீங்கம்மா, கொஞ்சம் முந்தி நடந்தது'ன்னு. செரி, முந்தியே நடந்துருச்சுன்னா நாம இன்னும் வெரசாப் போனு பண்ணோணும், அவ்வளவுதான? அதுக்கு அவரு சிரிச்சாரு. படிச்சவங்க எதுக்குச் சிரிக்கறாங்கன்னே தெரியறதில்ல.

கல்யாணம் போன ஆவணில. மாப்பிள்ளை பேரு பூபதி. நல்ல பையன், அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. இவ மொத மொத போன்ல பேசுனப்பவே, 'எனக்குச் சர்க்கரை, ஊசி போட்டுக்கறேன், வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க'ன்னுட்டா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்தப் பையன், 'செரிங்க, அந்த ஊசி போட எனக்கும் சொல்லித் தாங்க'ன்னானாம். அப்படி ஒரு பையன். ஆனா சம்பந்தியம்மா? ருக்மணின்னு பேரு. வாய் நெறையாப் பேசுவாங்க, கை நெறையாக் குடுப்பாங்க, இருந்தாலும் மாமியான்னா மாமியாதான். நாளைக்கு இவளுக்கு ஒரு தலைவலின்னாக் கூட, சீக்குப் புடிச்சவளைத் தலையில கட்டிட்டாங்கன்னு வந்துருமில்ல? அதனால நான் சொன்னேன், மாப்பிள்ளையோட நிக்கட்டும், மாமியாகிட்ட மூச்சு உடக் கூடாதுன்னு. இவ மாட்டேன்னா. 'ஒரே வீட்ல இருந்துக்கிட்டு எப்படிம்மா மறைக்கறது'ன்னா. என்ற தலைமேல கை வெச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னேன். அழுதுக்கிட்டே பண்ணுனா. மாப்பிள்ளைகிட்டயும் வாங்கிட்டேன். ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் அந்தச் சத்தியத்தக் காப்பாத்துனாங்க. அது எப்படி ஒடைஞ்சுதுன்னு சொல்றேன், இரு.

கல்யாணத்தன்னைக்கு முழங்கை வரைக்கும் சாக்கெட்டு தெச்சுப் போட்டு உட்டேன், ஒட்டியிருக்கறது தெரியாம. அவ போனும் என்ற பையிலதான். முகூர்த்த நேரம், மேளம் கொட்டறாங்க, தாலி ஏறுது, என்ற பையிக்குள்ள கீய்ங் கீய்ங்குன்னு கத்துது. எடுத்துப் பாத்தா அறுவத்தி ரெண்டு. காலைல இருந்து எதுவும் திங்கல புள்ளை. எனக்கு அப்ப என்ன தோணுச்சோ, நேரா மணவறைக்குப் போயிட்டேன். 'எங்க கூட்டத்துல தாலி ஏறுன ஒடனே பொண்ணு வாயில நாட்டுச்சர்க்கரை போடறது வழக்கமுங்க'ன்னு சொல்லி ரெண்டு கை அள்ளிப் போட்டேன். சடங்கு நடத்தற அருமைக்காரரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு, அப்படி ஒரு வழக்கத்த அவரு கேள்விப்பட்டதே இல்ல. சம்பந்தியம்மாவுக்கு அது நெம்பப் புடிச்சுப் போச்சு. கார்த்திகையில அவங்க தங்கச்சி மக கல்யாணத்துலயும் ஒரு கிண்ணத்துல நாட்டுச்சர்க்கரையத் தூக்கிக்கிட்டுப் போயிப் பொண்ணு வாயில போட்டாங்களாம். சிரிக்காத கண்ணு. எனக்கு அன்னைக்கு உசுரே போயிருச்சு.

கல்யாணத்துக்கு அப்பறம் போன்ல பேசறதுதான் பெரிய ரோதனை. பக்கத்துலயே மாமியா உக்காந்திருப்பாங்க. அதனால ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். நம்பர் எறங்குனா 'அங்க மழையா?'ன்னு கேப்பேன். ஏறுனா 'வெயிலா?'ன்னு கேப்பேன். அவ 'ஆமாம்மா, பாத்துக்கறேன்'பா. சம்பந்தியம்மா ஒருக்கா மாப்பிள்ளைகிட்டக் கேட்டாங்களாம், 'ஏன்டா, உன்ற மாமியா எந்நேரமும் மழையவே கேக்கறாங்களே, காட்டுல வெள்ளாமை போட்டிருக்காங்களா?'ன்னு. ஒரு நாளைக்கு எத்தனை தடவ கூப்பிடுவேன்னா கேக்கற? அத ஆரு எண்ணுனா? மூச்சு உடறத எண்ணறமா?

தைப் பொங்கல் நோம்பிக்குப் பாத்தா நம்பர் முன்னூத்தத் தாண்டிப் போயிட்டே இருக்குது. கூப்பிட்டுத் திட்டுனேன். சம்பந்தியம்மா சக்கரைப் பொங்கலத் தட்டு நெறைய வெச்சு அவங்க கையாலயே ஊட்டி உட்டாங்களாம். 'வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதான'ன்னேன். 'என்ன காரணம் சொல்லட்டும்மா? நீதான் சொல்லக் கூடாதுன்னுட்டியே'ங்கறா. பாத்ரூமுக்குள்ள போயி ஊசி போட்டுக்கிட்டு வந்து, மறுபடி எல்லாரோடவும் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. எனக்கு ஒரு பக்கம் கோவம், ஒரு பக்கம் பெருமை. எவ்வளவு சூட்டிகையாச் சமாளிக்கறா பாருன்னு. இதெல்லாம் அந்தம்மா ஊட்டறதுனால வாரது. சொந்தப் புள்ளையாட்டப் பாத்துக்கறேன்னு சொல்லிச் சொல்லியே கொன்னுருவாங்க போல இருக்குது.

என்ன பஸ்சு ஆமையாட்டப் போகுது? குமாரபாளையமே இப்பத்தான் வந்துச்சா? இந்தா, இன்னொருக்கா அந்தப் படத்தத் தொட்டுப் பாரு. இல்லீல்ல. செரி.

மாசி மாசம், ஞாயித்துக்கெழமை. அங்க சொந்தக்காரங்க ஒறம்பரை வந்திருக்காங்கன்னு காலைலயே சொன்னா. கோழிக்கொழம்பு, நல்ல சாப்பாடு. மத்தியானம் நான் மில்லுல இருக்கறேன், நம்பர் நல்லா நூத்தி முப்பதுல நிக்குது. செரின்னு கொத்தமல்லியக் கொட்டி மிசினப் போட்டேன். திரும்பிப் பாத்தா தொண்ணூறு. அப்பறம் எழுவது. அப்பறம் அம்பத்தி நாலு, கீழ பாத்து அம்புக்குறி. சாப்பிட்டு ஊசி போட்டிருப்பா, ஊசி அதிகமாப் போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். கூப்பிட்டா எடுக்கல. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கல. மாப்பிள்ளைக்குக் கூப்பிட்டா போனையே அணைச்சு வெச்சிருக்காரு. நீயே சொல்லு, ஞாயித்துக்கெழமை மத்தியானம், வீடு நெறைய ஒறம்பரைய வெச்சுக்கிட்டு, ஒரு மனுசன் எதுக்குப் போனை அணைச்சு வெக்கோணும்?

ஏங்கண்ணு அந்தப் பக்கம் திரும்பிக்கற? வெளிய என்ன இருக்குது?

வேற வழி? சம்பந்தியம்மாவுக்குப் போனப் போட்டேன். 'தாரணி எங்கீங்க?'ன்னேன். 'ரூம்புக்குள்ள இருக்காங்க ரெண்டு பேரும், படுத்திருப்பாங்க'ன்னாங்க. 'கதவத் தட்டுங்க, சர்க்கரை எறங்குது'ன்னேன். 'ஆருக்குங்க சர்க்கரை?'ன்னாங்க. 'என்ற புள்ளைக்குத்தானுங்க, சின்னதுல இருந்து இருக்குது, அம்பத்தி நாலு காட்டுது, தட்டுங்க, தொறக்கலைன்னா ஒடைங்க'ன்னு கத்துனேன். மில்லுக்கு மாவு வாங்க வந்தவங்கெல்லாம் நின்னு பாக்கறாங்க. அந்தப் பக்கம் ஒரே சத்தம். கதவத் தட்டறாங்க, ஆரோ ஒருத்தரு தோள்ல இடிக்கறாரு, ஒரு பொம்பளை 'அய்யோ அய்யோ'ங்கறா. எனக்கு இங்க நிக்க முடியல, உக்கார முடியல. எங்க வீட்டுக்காரரு வந்து மிசின நிறுத்துனாரு.

அப்பறம் கதவு தொறந்த சத்தம் கேட்டுச்சு. அப்பறம் ஒண்ணுமே கேக்கல. கூட்டம் ஒட்டுக்கா அடங்கிப் போச்சு. போனைப் பாத்தா நம்பர் தானா ஏறுது. எழுவது, தொண்ணூறு, நூத்திப் பத்து. சர்க்கரை திங்கல, ஜூஸ் குடிக்கல, எந்திரிச்சு நின்ன ஒடனே ஏறிருச்சு. சம்பந்தியம்மா போனை எடுத்து மெதுவாச் சொன்னாங்க, 'பொண்ணு நல்லாத்தான் இருக்கா. நீங்க வெச்சுருங்க'ன்னு. அவங்க அப்படி மெதுவாப் பேசி நான் கேட்டதே இல்ல.

டாக்டர்கிட்டக் கேட்டேன். அந்தக் கையி அமுங்கிக் கெடந்திருந்தா தோலுக்கடியில இருக்கற தண்ணி வெலகிப் போயி, இல்லாத கொறைச்சலக் காட்டுமாம். நெசமான கொறைச்சல் இல்லியாம். அது எனக்கும் தெரியும், முன்னயே சொல்லியிருக்காரு. ஆனா ஒட்டியிருக்கறது எடது கையில. அவ சின்னதுல இருந்து வலது பக்கமா ஒருக்களிச்சுத்தான் படுப்பா. பதினாறு வருசமா அவ தூங்கறதப் பாத்தவ நான், எனக்குத் தெரியாதா? எடது கையி எப்படி அமுங்கும்? டாக்டர்கிட்ட இதையே கேட்டேன். அவரும் உன்னையாட்டத்தான் சன்னலப் பாத்தாரு.

பெரிய ரகளை வரும்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன். மறைச்சுக் கட்டி வெச்சுட்டீங்கன்னு நாலு பேரக் கூட்டிக்கிட்டு வருவாங்க, புள்ளையக் கொண்டாந்து உடுவாங்கன்னு. பொழுதோட அவங்களே கூப்பிட்டாங்க. சீக்கப் பத்தி ஒரு வார்த்தை பேசல கண்ணு. 'ஏனுங்க, இத்தனை மாசமா இந்த வீட்ல அந்தப் புள்ளை பாத்ரூமுக்குள்ள நின்னு ஊசி போட்டிருக்குது, பொங்கலன்னைக்கு நான் என்ற கையாலயே அத்தனையும் ஊட்டி உட்டிருக்கேன். எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் என்ன திட்டியா இருப்பேன்?'ன்னு அழுதாங்க. எப்படிப் பேசறாங்க பாத்தியா? ஊட்டி உட்டது அவங்க, பழி எனக்கு. 'பொண்ணக் குடுத்தவங்க எல்லாத்தையும் கேட்டுக்கத்தானுங்க வேணும்'னு மட்டும் சொன்னேன்.

இப்ப ஊசி மருந்து அவங்க பிரிட்ஜுல, பால் பக்கத்துல இருக்குதாம். அவங்களே தட்டு போட்டு, 'எவ்வளவு வெக்கட்டும்?'னு இவளக் கேட்டுத்தான் வெக்கறாங்களாம். இதெல்லாம் எங்க வீட்டுக்காரரு சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கிட்ட ஆரு சொல்றா?

அதுக்கப்பறம் ஒரு நாள் காலைல எந்திரிச்சுப் போனைப் பாத்தா, நம்பர் இருக்கற எடத்துல கோடு. ஒட்டுனது உழுந்திருக்கும்னு நெனச்சேன். போனை அணைச்சுப் போட்டேன். கடைக்குக் கொண்டு போயிக் குடுத்தேன், அந்தப் பையன் 'உங்க போனு நல்லாத்தானுங்க இருக்குது'ன்னுட்டான். கடைசில அவளே சொன்னா, 'நான்தாம்மா நிறுத்துனேன்'னு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாரு. ஆரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டேன். மாமியாதான சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டேன். 'அத்தைக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது, அவங்க பாக்கறதும் இல்ல, என்னையத்தான் கேட்டுக்குவாங்க'ன்னா. அப்ப மாப்பிள்ளையான்னேன். அதுக்கு அவ சொன்னா, 'அம்மா, ஒரு வாரம் நம்பரே கேக்காம எங்கூடப் பேசு. முழுசா ஒரு வாரம். பேசிட்டா நானே திருப்பித் தாரேன்'னு.

ஒரு வாரந்தான, இதென்ன பெரிய கம்பசூத்திரம்னு நெனச்சேன். மொத நாளே போச்சு. 'சாப்பிட்டியா சாமி?'ன்னேன். 'அம்மா, இது நம்பர் கேக்கறதுதான'ங்கறா. பெத்த புள்ளைய சாப்பிட்டியான்னு கேக்கறது குத்தமா? செரி, மறுபடி மொதல்ல இருந்து. அடுத்தாப்புல 'தலை கிலை சுத்துதா?'ன்னு வாயில வந்துருச்சு. அதுவும் போச்சு. ஒரு நாள் நெசமாவே டீவில சேலத்துல மழைன்னு சொன்னான், 'அங்க மழையா?'ன்னு கேட்டேன். அவ சிரிச்சா, ஆனா ஒத்துக்க மாட்டேன்னுட்டா. மறுபடி மொதல்ல இருந்து. அந்தக் கோட்டப் பாத்துப் பாத்து எனக்குச் சோறு எறங்கறதில்ல, கண்ண மூடுனா தூக்கம் வாரதில்ல. மில்லுல ஒருத்தங்க கேவுறு அரைக்கறப்ப அதுல மொளகாயக் கொட்டிட்டேன்.

எங்க வீட்டுக்காரரு கூப்பிட்டா மட்டும் அரைமணி நேரம் பேசறா. சிரிச்சுச் சிரிச்சுப் பேசறா, எனக்கு அடுப்படி வரைக்கும் கேக்குது. அந்த மனுசனுக்கு நம்பரே பாக்கத் தெரியாது கண்ணு. ஊசி எத்தனை போடோணும்னு தெரியாது. பதினாறு வருசத்துல ஒரு நாள் எந்திரிச்சுப் பாத்திருப்பாரா? 'அப்படி என்னதான் பேசறீங்க?'ன்னு கேட்டா, 'சும்மா'ங்கறாரு. நான் பக்கத்துல போயி நின்னு கேட்டேன். மில்லு வாசல்ல படுத்துக் கெடக்கற நாயி குட்டி போட்டதப் பத்திப் பேசறாரு. அவ அங்க ஆபீசுல ஒருத்தி மூக்குத்தி போட்டுக்கிட்டு வந்ததப் பத்திச் சொல்றா. இதுக்கா அரைமணி நேரம்? இதுல என்ன தெரிஞ்சுக்கறது?

இந்த வாரம் நான் நெம்ப வைராக்கியமா இருந்துட்டேன். வாயத் தொறந்தாத்தான வரும்? தெனமும் அவ கூப்பிடுவா, நான் 'ம்'பேன், 'செரி'ம்பேன், அவ ரெண்டு வார்த்தை பேசிட்டு வெச்சுருவா. இன்னையோட வாரம் முடியுது. ஒரு வார்த்தை கேக்கல. செயிச்சுட்டேன்னுதான் நெனச்சேன். நேத்து என்ன சொல்றா தெரியுமா? 'அம்மா, கேக்காம இருந்தாப் பத்தாது, பேசோணும். நான் சொன்னது எங்கூடப் பேசறதுக்கு. நாளைக்கு ஒரு நாளாச்சும் பேசும்மா'ங்கறா. அதச் சொல்றப்ப அவ கொரலு ஒரு மாதிரி இருந்துச்சு. எறங்கியிருந்துச்சோ என்னமோ. எனக்கு நம்பர் தெரியாதே, எப்படிக் கண்டுபுடிக்கறது? அழுகறாளா, சர்க்கரை எறங்கிக் கொரலு கம்முதான்னு நான் எப்படிக் கண்டுபுடிக்கறது?

அதான் நேர்லயே போயிரலாம்னு பொறப்பட்டுட்டேன். காலைல மாப்பிள்ளைகிட்டச் சொன்னேன். அவரு போனை அவகிட்டக் குடுத்தாரு. 'வாம்மா'ன்னா. சந்தோசமாத்தான் சொன்னா. 'சங்ககிரி தாண்டற நேரத்துக்கு நான் கூப்பிடறேன், பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கறேன், அது வரைக்கும் என்ன பேசறதுன்னு ரோசனை பண்ணிக்கிட்டு வா'ன்னா. தமாசுக்குச் சொன்னாளா, நெசமாச் சொன்னாளான்னு தெரியல. நானும் ஈரோட்டுல இருந்து ரோசனை பண்ணிக்கிட்டுத்தான் வாரேன். உங்கூடப் பேசிக்கிட்டே ரோசனை பண்ணறேன். எதை நெனச்சாலும் அங்கதான் போயி முட்டுது. 'ஆபீசு எப்படி இருக்குது?'ன்னு கேக்கலாம்னு பாத்தேன், அப்பறம் 'அங்க என்ன திங்கற?'ன்னு வந்துரும். 'புதுச் சீலை எடுத்தியா?'ன்னா, 'கடைக்கு நடந்து போனியா, போறதுக்கு முந்தி பாத்துக்கிட்டியா?'ன்னு வந்துரும். நாயி குட்டி போட்டத எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு.

பையில வெரல் குத்தற பழைய மிசினு ஒண்ணும் வெச்சிருக்கேன். பஸ்ஸ உட்டு எறங்குன ஒடனே கையப் புடிச்சு ஒரு குத்து குத்திப் பாத்துரலாமான்னு. நீட்டுவா. எங்கிட்ட நீட்டாம இருந்ததே இல்ல. ஆனா அதுக்கப்பறம் பேசுவாளான்னு தெரியல. அதான் வெசனமா இருக்குது. எனக்கு அந்த நம்பரும் வேணும். அவ என்னைய உட்டுப் போயிரவும் கூடாது.

இது எந்த ஊரு? சங்ககிரியா? அதுக்குள்ளயா? இவ்வளவு நேரம் ஆமையாட்ட வந்துட்டு இப்ப என்ன அவசரம் இந்த டிரைவருக்கு?

இரு, அடிக்குது. அவதான். நீ போனை எங்கிட்டக் குடு. வேண்டாம், நீயே கையில வெச்சுக்க. எடுக்காத, இன்னும் எடுக்காத. உங்கம்மா உனக்குக் கூப்பிட்டா மொதல்ல என்ன கேப்பாங்க? சாப்பிட்டியாவா? அதான் கேக்கக் கூடாதே. அதுக்கு அடுத்தாப்புல? ஒடம்பு எப்படி இருக்குதுன்னா? அதுவும் ஆகாது. வேற? உங்கம்மா வேற ஒண்ணுமே கேக்க மாட்டாங்களா? நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லு கண்ணு, அடிச்சு நின்னுரப் போகுது. ஒரு மககிட்ட வேற என்ன கேப்பாங்க?